தெளிந்த தண்ணீரில் விரியாத பவளம்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு அறுபத்தொன்று. உலக வழக்கத்துக்கு இது கொஞ்சம் தலைகீழ்தான். ஆனால் கொளத்தூர் மீன் கடைத் தெருவில் வயதைப் பார்த்து யாரும் மரியாதை கொடுப்பதில்லை. யார் தொட்டியில் உயிர் தங்குகிறது என்றுதான் பார்ப்பார்கள். ஜெனோவாவின் தொட்டிகளில் தங்கியது.

அவள் தூத்துக்குடிக்காரி. கடல்நீர்த் தொட்டிகளும் அவற்றில் வளரும் மென்பவளங்களும் மட்டும் வைத்து ஒரு சின்னக் கடை நடத்தினாள். எல்லாம் பண்ணையில் வெட்டி ஒட்டி வளர்த்தவை. கடலில் பிடுங்கிய சரக்கைக் கடைப் படி ஏற விடமாட்டாள். பேச்சு ரொம்பக் குறைவு. வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அதைத் தலைக்கனம் என்றார்கள். தணிகாசலம் அதை ஞானம் என்று எடுத்துக்கொண்டார். மனத்துக்குள் அவளைக் குரு என்றே சொல்லிக்கொள்வார். வாயால் கூப்பிடும்போது மட்டும் "ஏம்மா ஜெனோவா".

தணிகாசலம் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இருபத்தேழு வருடம் டெக்னீசியனாக இருந்தவர். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் போகிற தண்ணீரைத் தினமும் காலையில் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தண்ணீரைச் சோதித்த கையும் அந்த ஜாதிதான். ஓய்வு பெற்ற இரண்டாம் மாதமே பெரம்பூர் வீட்டு ஹாலில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தத் தொட்டியின் ராணி ஒரு பவளம். கடைக்காரர்கள் அதை லெதர் என்பார்கள். தடித்த தண்டு, அதன் மேல் ஒரு குடை. சந்தோஷமாக இருந்தால் குடை முழுக்கச் சின்னச் சின்ன விரல்களை நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். கோபமாக இருந்தால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மழையில் நனைந்த பழைய செருப்பு மாதிரி கிடக்கும்.

இப்போது பதினொரு நாளாகச் செருப்புதான்.

ஆனால் தணிகாசலத்தின் தூக்கத்தைக் கெடுத்தது பவளம் மட்டும் இல்லை. அவர் மனைவி சுகுணாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்றாம் மாதமே, "படி ஏறலாம், இறங்கலாம், எப்பவும் போல இருக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் பார்த்தபோதும் அதையேதான் சொன்னார். தணிகாசலம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆபரேஷன் ஆன நாளிலிருந்து இன்றுவரை ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர சுகுணா மூன்றாவது மாடியைவிட்டு இறங்கியதில்லை. தணிகாசலம் ஒரு நாளைக்கு நான்கு முறை அவளுக்கு பி.பி. அளப்பார். குழம்பில் உப்பு இருக்காது. பார்க்க வருகிறவர்கள் கை கழுவிவிட்டு ஐந்து நிமிடம் உட்காரலாம், சிரிக்க வைக்கக் கூடாது. கொஞ்ச நாளில் அவர்களே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எண்கள் எல்லாம் பிரமாதமாக இருந்தன. சுகுணாதான் மாதத்துக்கு மாதம் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். காலையில் தொட்டி விளக்கு எரிந்ததும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பவளம் விரல் நீட்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் முகத்தில் பழைய களை இருக்கும்.

பதினொன்றாம் நாள் காலையில் அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அதுக்கும் இஷ்டமில்ல போல இருக்கு. விட்டுடுங்க," என்றாள்.

இந்தப் பவளம் போனால் இவளும் மெல்ல விட்டுவிடுவாள் என்று தணிகாசலத்துக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு காபிகூட இறங்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கொளத்தூருக்குப் பஸ் ஏறினார்.

ஜெனோவா ஒரு வாளியில் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ஜெனோவா, லெதர் விரியவே மாட்டேங்குது. பதினோரு நாள் ஆச்சு. தண்ணியில ஒரு குறை கிடையாது. நீயே பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். தேதி, நேரம், உப்பு, சூடு, காரத்தன்மை, எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. தண்ணீரில் சேரும் கழிவைக் காட்டும் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்ற இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. பரீட்சைப் பேப்பரை நீட்டிய பிள்ளை மாதிரி தணிகாசலம் அவள் முகத்தையே பார்த்தார்.

"தண்ணி எப்பெப்ப மாத்துதீங்க, சார்?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். கால் தொட்டி. எல்லாம் ஆர்.ஓ. தண்ணியில உப்பு கலந்ததுதான்."

"ஸ்கிம்மர்?"

தண்ணீரில் உள்ள கசடை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவி அது.

"ரெண்டு. ஒண்ணு போதாதுன்னு போன மாசம் இன்னொண்ணு வாங்கினேன். கார்பன் தனியா போட்டிருக்கேன். பாஸ்பேட்டை உறிஞ்சுற பொடியும் இருக்கு."

"உங்க ரெண்டு மீனையும் இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போனது எதுக்கு?"

"அதுங்க தின்னுட்டு அசிங்கம் பண்ணுதும்மா. எவ்வளவு எடுத்தாலும் மறுபடியும் பண்ணுது."

ஜெனோவா நோட்டை மூடினாள். "வாங்க," என்று கடையின் பின்பக்கம் நடந்தாள்.

அங்கே விற்பனைக்கு இல்லாத தொட்டி ஒன்று இருந்தது. கண்ணாடி ஓரமெல்லாம் பச்சை படிந்திருந்தது. அடி மணலில் பழுப்பாக ஏதோ கிடந்தது. ஒரு நண்டு அதைக் கிளறிக் கிளறி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. ஏழெட்டு மீன்கள் சுற்றின. நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு லெதர், ஒரு விரல்கூட உள்ளே இல்லாமல் மொத்தமாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு வெட்டிக் குடுத்தது இதுலேர்ந்துதான்," என்றாள்.

"இதுல நைட்ரேட் எவ்வளவு?"

"தெரியாது, சார்."

தணிகாசலம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்தேழு வருடத்தில் அந்தப் பதிலை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"டெஸ்ட் கிட்டு அலமாரியில இருக்கு. நீங்களே பாருங்க," என்றாள் அவள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோதனைக் குழாயை மூன்று முறை கழுவினார். சொட்டு எண்ணி ஊற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். குழாயில் இருந்த தண்ணீர் வெளிறிய ரோஸாகி, பிறகு நல்ல ரோஸாகி, அதற்கும் மேலே போனது. அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் நின்றது.

"என் யூனிட்டா இருந்தா மெஷினையே நிறுத்தியிருப்பேன்."

"ம்."

"இந்த அழுக்குல எப்படிம்மா இது இப்படி விரிஞ்சிருக்கு?"

"அழுக்கும் விஷமும் ஒண்ணா, சார்?"

ஜெனோவா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அது நீளமான பேச்சுக்கு அறிகுறி.

"குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்துனா அதுல இருக்க குளோரின் விஷம். செம்பு பட்டா விஷம். மீனு செத்து, எடுக்காம அழுகவிட்டா விஷம். உப்பு இன்னிக்கு ஒரு அளவு, நாளைக்கு ஒரு அளவுன்னு ஆடுனாலும் இதுக்குத் தாங்காது. மீனு தின்னுட்டுப் போடுறது கொஞ்சம் கெடந்தா அப்படி இல்ல. அதுலேர்ந்துதான் இதுக்குச் சாப்பாடு."

"அப்ப என் தண்ணியில என்னம்மா தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்ல. திங்கவும் ஒண்ணும் இல்ல, சார்."

தணிகாசலம் சோதனைக் குழாயைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சுகுணாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை இந்தப் பெண்ணிடம் ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அந்த உப்பு வாடையும் மோட்டார் சத்தமும்தான் காரணமோ என்னவோ.

"வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம். ஒரு நாள் காலையில லேட்டாயிடுச்சு. கார்பன் ஃபில்டரைச் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். அன்னிக்குன்னு பார்த்துத் தண்ணியில குளோரின் கூடுதலா வந்திருக்கு. மூணு பேருக்கு மூச்சு முட்டிடுச்சு. ரெண்டு பேர் தேறிட்டாங்க. ஒரு அம்மா நாலு நாள் கழிச்சுப் போயிட்டாங்க."

ஜெனோவா எட்டிப் பிளாஸ்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வயசானவங்க, ஏற்கெனவே முடியாம இருந்தவங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

சூடு கண்ட பூனை என்று ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள். சூட்டின் வலி பூனைக்குத்தானே தெரியும். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. ஜெனோவா பிளாஸ்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து வலையை எடுத்தாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களை அள்ளிப் பையில் விட்டு, காற்றடைத்து, ரப்பர் பேண்ட் போட்டு நீட்டினாள். அவர் வீட்டு மீன்கள்தான்.

"ரெண்டு வேளை சாப்பாடு போடுங்க. ஒரு ஸ்கிம்மரை நிறுத்துங்க. அந்தப் பொடிய எடுத்துருங்க. ஆவியாகிக் குறையுற தண்ணிக்கு மட்டும் ஆர்.ஓ. ஊத்துங்க. பதினஞ்சு நாளைக்குத் தொட்டிக்குள்ள கை போகக் கூடாது."

"டெஸ்ட்?"

"வேண்டாம்."

"வாரத்துக்கு ஒரு தடவையாவது..."

ஜெனோவா மறுபடி உப்பு கரைக்கப் போய்விட்டாள்.

சும்மா இரு என்று சொல்வது சுலபம். தணிகாசலம் முதல் இரண்டு நாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடந்தார். மூன்றாம் நாள் கை நமநமத்தது. மீன்கள் தின்றன, திரிந்தன, செய்யவேண்டியதைச் செய்தன; ஒவ்வொன்றும் அவர் நெஞ்சில் விழுந்தது. ஆறாம் நாள் காலையில் பவளத்தைப் பார்த்தவர் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். குடையின் மேலெல்லாம் மெழுகு பூசியது போல ஒரு படலம். உடனே ஜெனோவாவுக்குப் போன் செய்தார்.

"மேல என்னமோ மூடிடுச்சும்மா. பஞ்சு வச்சுத் துடைச்சு விடட்டா?"

"தொடாதீங்க, சார்."

"கிடுக்கியால மெதுவா ஓரத்தைப் பிடிச்சு..."

ஜெனோவா அவரை முடிக்க விடவில்லை.

"நைட்ரேட் எவ்வளவு வந்துது?"

"அஞ்சு," என்றார் தணிகாசலம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வாரேன்," என்றாள் ஜெனோவா.

யார் கூப்பிட்டாலும் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை என்பது கொளத்தூர் முழுக்கத் தெரிந்த சங்கதி. தணிகாசலத்துக்கு அதுவே ஒரு பயமாகிவிட்டது. கேஸ் முற்றிவிட்டால்தானே பெரிய டாக்டர் வருவார்.

மறுநாள் ஐந்து மணிக்கு வந்தாள். வாசலிலேயே அவள் கையில் மருந்துத் திரவத்தை ஊற்றித் தேய்க்கச் சொன்னார். சுகுணாவுக்குப் படபடப்பு ஆகாது, சத்தமாகப் பேசவேண்டாம் என்றார். ஜெனோவா தேய்த்துக்கொண்டாள், கேட்டுக்கொண்டாள்.

சுகுணா புது முகத்தைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. காபி வந்தது, முறுக்கு வந்தது, கூடவே கேள்விகளும் வந்தன. தூத்துக்குடியில் எந்தத் தெரு, அம்மா இருக்காங்களா, கடைக்குப் பேர் யார் வைத்தது, கையில் என்ன தழும்பு. நாலு வருடத்தில் சீடரால் வாங்க முடியாத பதில்களைச் சுகுணா ஒரு டம்ளர் காபிக்குள் வாங்கிவிட்டாள். தணிகாசலம் ஐந்து நிமிடம் ஆனதும் ஒருமுறை இருமினார். யாரும் திரும்பவில்லை.

ஜெனோவா டம்ளரோடு தொட்டி முன்னால் வந்து குனிந்தாள். படலத்தின் ஒரு ஓரம் பிரிந்து, நீரோட்டத்தில் படபடத்துக்கொண்டிருந்தது.

"சட்டை உரிக்குது, சார். லெதர் அப்பப்ப இப்படிச் செய்யும். மேல படிஞ்சதைக் கழத்திப் போட்டுரும்."

"நாம கொஞ்சம் இழுத்துவிட்டா சீக்கிரம் முடியுமே."

"உள்ளே இருக்கதுக்குக் காயமாயிரும்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

அவள் பதில் சொல்வதற்குள், "ஏங்க, இங்க வந்து பாருங்க," என்றாள் சுகுணா. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் தொட்டிக்கு அருகில் வந்திருந்தாள். படலம் பிரிந்த இடத்தில், குடையின் விளிம்பில், நான்கு விரல்கள் வெளியே வந்து அசைந்துகொண்டிருந்தன. நான்கே நான்குதான். தணிகாசலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றாமல் நின்றார்.

அப்போது கீழேயிருந்து டக் என்று ஒரு சத்தமும், அதைத் தொடர்ந்து பெண்களின் கூச்சலும் மேலே வந்தன. சுகுணாவின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. ஜெனோவா அதைக் கவனித்தாள்.

"கீழ என்ன சத்தம்மா?"

"கேரம் போர்டு. எங்க பிளாக் லேடீஸும் பின்னாடி பிளாக்காரிங்களும் ஆடுவாங்க. நான் ஆடினப்ப அவங்க ஒரு நாள் ஜெயிச்சதில்ல."

"இப்ப?"

"இப்ப தினமும் அவங்கதான். மேல இருந்து கேட்டாலே தெரியுது."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னாள். தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு அது இவ்வளவு வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. பதற்றம் தருகிற விளையாட்டு என்று அவர் ஒருநாள் சொன்னார், அவள் சரி என்றாள், அதோடு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

"எனக்கு கேரம் ஆடத் தெரியாது. சொல்லித் தாரீங்களாம்மா?" என்று கேட்டாள் ஜெனோவா.

சுகுணா வாசல்வரை போய்விட்டாள். போன பிறகுதான் கணவர் ஞாபகம் வந்து, அப்படியே நின்று அவரைப் பார்த்தாள். இந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை இப்படி நின்று பார்த்திருப்பாளோ. தணிகாசலத்தின் வாயில் 'மூணு மாடி' என்ற வார்த்தை தயாராக இருந்தது. அதை விழுங்க அவருக்கு நேரமாயிற்று.

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கு," என்றார்.

அவர்கள் போனபின் வீடு வெறிச்சென்று ஆனது. அவர் தொட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி பி.பி.க்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மெஷினை எடுத்துக்கொண்டு மாடிப்படி முனைக்கு வந்தார். ஒரு படி இறங்கினார், மறுபடி ஏறினார். கீழே கொஞ்ச நேரம் பேச்சுக் குரல்கள் மட்டும் கேட்டன. பிறகு டக், டக் என்று காய்கள். பிறகு எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல் எழுந்தது.

"ரெட்டைப் போட்டுட்டு ஃபாலோ போட்டியாடி நீ? ஃபாலோ போடாம எப்படிடி பாயின்ட் கேப்ப? எடு, எடு, ரெட்டை எடுத்து நடுவுல வை."

சுகுணாவின் குரல். அந்தச் சுருதியில் அதைக் கேட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

ஜெனோவா தன் பையை எடுத்துக்கொள்ள மேலே வந்தாள். படி முனையில் பி.பி. மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் சீடரைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

"கத்துறாம்மா," என்றார் தணிகாசலம். "இப்படிக் கத்துனா பி.பி. ஏறுமே."

ஜெனோவா உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து, படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ஏறும், சார். ஜெயிச்சா இன்னும் கொஞ்சம் ஏறும்."